"நல்ல அனிமே ஒண்ணு சொல்லுங்க டாக்டர்": சரி, யாருக்கு?

1/
அனிமே பார்க்கிறவங்க, பார்க்காதவங்க, "எம்புள்ள ராத்திரியெல்லாம் ஏதோ ஜப்பான் பொம்மைப் படம் பாக்குறான் சார்"னு கவலைப்படுறவங்க. இந்த மூணு தரப்புக்கும் சேர்த்து ஒரு நீள இழை. பொறுமையா வாசிங்க. திட்டணும்னா முழுசா வாசிச்சுட்டுத் திட்டுங்க.

2/
2025 செப்டம்பர் 12 அன்று 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி கேசில்' இந்தியத் தியேட்டர்களில் ஜப்பானிய மொழி, ஆங்கிலம், இந்தி, தெலுங்கோடு தமிழிலும் வந்தது. அதுவரைக்கும் எங்க பக்கம் அனிமே என்பது காலேஜ் ஹாஸ்டல் சமாச்சாரம். இப்போ நர்சிங் படிக்கிற பிள்ளைங்க, லேப் டெக்னீஷியன், ஆம்புலன்ஸ் ஓட்டுற அண்ணனோட பையன்னு எல்லாரும் கேக்குறாங்க: "நல்ல அனிமே ஒண்ணு சொல்லுங்க சார்."

இந்தக் கேள்விக்கு நம்ம ரசிகர் கூட்டம் பதில் சொல்ற முறையே சரியில்லைங்கிறது என் கருத்து. ஏன்னு சொல்றேன்.

3/
யார் கேட்டாலும் ஒரே பட்டியல்தான் வரும். 'அட்டாக் ஆன் டைட்டன்', 'டெத் நோட்', 'நருட்டோ', 'ஒன் பீஸ்', 'ஜுஜுட்சு கைசன்'. கேட்டவர் 9 வயசுப் பையனா, 45 வயசு அம்மாவா, பிளஸ் டூ மாணவியா? யாரும் கேக்குறதில்லை. நமக்குப் பிடிச்சதைச் சொல்லிட்டு, அவங்களுக்குப் பிடிக்கலைன்னா "உனக்கு டேஸ்ட் இல்ல"ன்னு சொல்லி அனுப்பிடுறோம்.

4/
ஓபியில தினமும் பார்க்கிற ஒரு விஷயம். "பக்கத்து வீட்டு அக்காவுக்கு இந்த மாத்திரை நல்லா கேட்டுச்சு, அதான் நானும் நாலு நாளா போட்டேன்"னு வருவாங்க. மாத்திரை நல்ல மாத்திரைதான். அந்த அக்காவுக்கு எழுதின மாத்திரை அது. இவங்களுக்கு இல்ல.

ஓபி சீட்டில் மருந்துப் பேருக்கு மேல என்ன இருக்கு? பேர், வயசு, என்ன தொந்தரவு, எத்தனை நாளா. அதுக்கு அப்புறம்தான் மருந்து. அனிமே பரிந்துரைக்கும் அதே வரிசைதான் வேணும்னு நான் சொல்றேன். கேக்க வேண்டிய கேள்வி நாலு.

5/
முதல் கேள்வி: வயசு என்ன?

நம்ம ஊர்ல படத்துல கோடு போட்ட உருவம் ஓடுச்சுன்னா அது 'பொம்மைப் படம்'. பொம்மைப் படம்னா குழந்தைக்கு. இந்த ஒரு நினைப்பால ரெண்டு பக்கமும் கெடுதல் நடக்குது.

ஒரு பக்கம், சோறு ஊட்டும்போது நாலாங்கிளாஸ் பையன் கையில 'டீமன் ஸ்லேயர்' ஓடுற போனைக் குடுக்கிறோம். அதன் முதல் பாகத்துலேயே கதாநாயகனின் குடும்பம் ரத்த வெள்ளத்தில் கிடக்கும். 'இன்ஃபினிட்டி கேசில்' படத்துக்கு அமெரிக்காவில் குடுத்த சான்றிதழ் ஆர். அதாவது 17 வயசுக்குக் கீழே இருந்தா பெரியவங்க துணையோடதான் தியேட்டருக்குள்ள விடுவாங்க.

6/
இன்னொரு பக்கம், 19 வயசுப் பையன் நல்ல கதை ஒண்ணு பார்த்து அதைப் பத்தி யோசிச்சுட்டு இருப்பான். "எருமை மாடு வயசாச்சு, இன்னும் பொம்மைப் படமா?"ன்னு அவனைக் குத்துவோம்.

ஜப்பான்ல மாங்கா பத்திரிகையே ஆள் பார்த்துத்தான் வருது. ஷோனென் பையன்களுக்கு. ஷோஜோ பெண் பிள்ளைகளுக்கு. செய்னென் வளர்ந்த ஆண்களுக்கு. ஜோசெய் வளர்ந்த பெண்களுக்கு. அவங்க நாலு மூட்டையா பிரிச்சு வச்சதை நாம 'கார்ட்டூன்'ங்கிற ஒரே சாக்குல கொட்டி வாயைக் கட்டிட்டோம்.

7/
வயசு மாறினா சரக்கு எப்படி மாறும்ங்கிறதுக்கு என் துறையிலேயே ஒரு உதாரணம்.

'செல்ஸ் அட் வொர்க்' மாங்கா 2015-ல் தொடங்கினது. அனிமே 2018. நம்ம உடம்புக்குள்ள இருக்கிற சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு எல்லாம் மனுஷங்க மாதிரி வேலை பார்க்கும். தட்டணுக்கள் எல்லாம் பால்வாடிக் குழந்தைங்க மாதிரி இருக்கும். ஆறாங்கிளாஸ் பிள்ளை தாராளமா பார்க்கலாம்.

அதே வரிசையில் 'செல்ஸ் அட் வொர்க்: கோட் பிளாக்'னு ஒண்ணு இருக்கு. சிகரெட், சரக்கு, தூக்கமில்லாமைன்னு கெட்டுப்போன உடம்புக்குள்ள நடக்குற கதை. பால்வினை நோய் வரைக்கும் வரும். அது பெரியவங்களுக்கு. பேர் ஒண்ணா இருக்கேன்னு பிள்ளைக்குப் போட்டுவிட்டா, தப்பு அனிமே மேல இல்ல.

8/
வயசோட சேர்த்து ஒரு மருத்துவக் குறிப்பு.

1997 டிசம்பர் 16 அன்று ஜப்பான்ல 'போக்கிமான்' தொடரின் ஒரு பாகம் ஓடுச்சு. அதுல சிவப்பும் நீலமும் மாறி மாறி வேகமா மின்னுற காட்சி. பார்த்தவங்களுக்கு வலிப்பு, மயக்கம், வாந்தி. 685 பேர் ஆம்புலன்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போனாங்க, பெரும்பாலும் பிள்ளைங்க. தொடரையே நாலு மாசம் நிறுத்தி வச்சாங்க. அதுக்கப்புறம்தான் அந்த ஊர் டிவியில் "வெளிச்சமான அறையில், திரையிலிருந்து தள்ளி உக்காந்து பாருங்க"ன்னு எச்சரிக்கை போட ஆரம்பிச்சாங்க.

9/
பயப்பட வேண்டாம். வலிப்பு நோய் உள்ள எல்லாருக்கும் இது வராது. மின்னும் வெளிச்சத்தால் தூண்டப்படுற வகை, அவங்களில் கொஞ்சம் பேருக்குத்தான். ஆனா வீட்ல வலிப்பு மாத்திரை சாப்பிடுற பிள்ளை இருந்தா, உங்க டாக்டர்கிட்ட இதைக் கேட்டு வச்சுக்குங்க. பொதுவாவே விளக்கை அணைச்சுட்டு, போர்வைக்குள்ள, மூக்குக்கு நேரா போனை வச்சுப் பார்க்க வேண்டாம். சண்டைக் காட்சி நிறைய உள்ள தொடரைப் பரிந்துரைக்கும்போது இந்த ஒரு வரியையும் சேர்த்துச் சொல்லுங்க.

10/
ரெண்டாவது கேள்வி: எந்த மொழியில் பார்ப்பாங்க?

இங்கதான் எனக்குக் கோவம் வரும். "டப்பிங்ல பார்க்கிறவன்லாம் அனிமே ஃபேனே கிடையாது, ஜப்பான் ஆடியோ இங்கிலீஷ் சப்டைட்டில்தான் ஒரிஜினல்"னு ஒரு கூட்டம் சொல்லிக்கிட்டே இருக்கு.

தம்பி, ஒண்ணு யோசி. ஒரத்தநாடு பக்கம் தமிழ் மீடியத்துல படிக்கிற எட்டாங்கிளாஸ் பிள்ளைக்கு ஓடுற இங்கிலீஷ் சப்டைட்டிலை வாசிச்சு முடிக்கிறதுக்குள்ள அடுத்த வரி வந்துடும். அந்தப் பிள்ளையைப் பார்த்து "சப் மட்டும்தான் பார்க்கணும்"னு சொன்னா, "நீ உள்ள வராதே"ன்னு சொல்றதா அர்த்தம். ரசனை பேசுற மாதிரி இருக்கும். உள்ள இருக்கிறது இங்கிலீஷ் திமிர்.

11/
நம்ம தலைமுறைக்கு டப்பிங் அருமை தெரியணும். 2007-ல் சுட்டி டிவி வந்தப்ப 'ஜாக்கி சான்' தொடரைத் தமிழ்ல பார்த்துட்டுத்தான் பாதிப் பேர் ஸ்கூலுக்கே போனோம். அது அமெரிக்கத் தொடர், அனிமே இல்ல. ஆனா தமிழ்க் குரல் நல்லா அமைஞ்சா வெளியூர்க் கதையும் நம்ம திண்ணையில் உக்காந்துடும்னு காட்டினது அதுதான். 'ஷின் சான்' தமிழ் பேசினதுக்கு அப்புறம்தான் அவன் நம்ம தெரு வாண்டு ஆனான். இப்போ கிரஞ்சிரோலில் தமிழ் டப்பிங் வருது. தியேட்டர்லயும் வருது.

குரல் சரியில்லையா? தாராளமா விமர்சனம் பண்ணுங்க. மொழிபெயர்ப்பு செயற்கையா இருக்கா? எந்த வரின்னு எடுத்துச் சொல்லுங்க. அது வேற, டப்பிங்ல பார்க்கிறவனைக் கேவலப்படுத்துறது வேற.

12/
இன்னும் ஒண்ணு. டெலிகிராம்ல "லிங்க் இருக்காண்ணா?"ன்னு கேட்டு வாங்குறது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. காசு இல்லாத மாணவனை நான் திட்ட மாட்டேன். ஆனா மாசம் நாப்பதாயிரம் சம்பளம் வாங்கிட்டு, காசு குடுத்துத் தமிழ் டப்பிங் பார்க்க மனசில்லாம, "தமிழ்ல ஏன் நிறைய வரல?"ன்னு கேக்குறது நியாயமா? பார்க்கிற ஆள் கணக்குல தெரிஞ்சாத்தான் அடுத்த தொடருக்குத் தமிழ் வரும்.

13/
மூணாவது கேள்வி: எவ்வளவு நேரம் இருக்கு?

'ஒன் பீஸ்' 1,100 பாகங்களைத் தாண்டிடுச்சு. ஒரு பாகம் சுமார் 24 நிமிஷம்னு வச்சா, 440 மணி நேரம். தினம் 2 மணி நேரம் பார்த்தாலும் ஏழு மாசத்துக்கு மேல ஓடும். ஒரு சம்பாவே நாத்து விட்டு, நட்டு, அறுத்து, நெல்லு கொள்முதல் நிலையத்துக்குப் போயிடும்.

'நருட்டோ' 220, 'ஷிப்புடென்' 500. மொத்தம் 720 பாகம். நீட்டுக்கு நாலு மாசம் இருக்கிற பிள்ளைகிட்ட "வாழ்க்கையில ஒரு தடவையாவது பார்த்தே ஆகணும்"னு இதைச் சொல்றவர் நண்பரா, எதிரியா?

14/
6 முதல் 12 வயசுக்கு 9–12 மணி நேரத் தூக்கம் வேணும். 13 முதல் 18 வயசுக்கு 8–10 மணி நேரம். "இன்னும் ஒரே ஒரு எபிசோட்"ங்கிறது இந்தத் தூக்கத்துலேருந்துதான் போகுது. தலைவலி, கவனமின்மை, காலையில் எரிச்சல்னு வர்ற பிள்ளைங்ககிட்ட நான் முதல்ல கேக்குறது, ராத்திரி எத்தனை மணிக்குப் படுத்தேங்கிறதுதான்.

நேரம் இல்லாதவங்களுக்குச் சின்னதா சொல்லுங்க. 2001-ல் வந்த 'ஸ்பிரிட்டட் அவே' ரெண்டு மணி நேரச் சொச்சம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போதும். 'டெத் நோட்' 37 பாகம், ஒரு லீவுக்குக் கணக்கா இருக்கும். நீளமானது லீவு விட்டப்புறம் பார்த்துக்கலாம், அது எங்கேயும் ஓடிடாது.

15/
நாலாவது கேள்வி: மனசு எப்படி இருக்கு?

'எ சைலண்ட் வாய்ஸ்' 2016-ல் வந்த படம். காது கேளாத ஒரு மாணவியைக் கூடப்படிக்கிற பையன் கொடுமைப்படுத்துறதும், வளர்ந்தப்புறம் அவன் அந்தக் குற்ற உணர்வோட வாழ்றதும் கதை. ரொம்ப நல்ல படம். ஆனா தற்கொலை எண்ணத்தைத் தொட்டுத்தான் அது ஆரம்பிக்கும். "அழ வைக்கிற அனிமே சொல்லு"ன்னு கேக்குற எல்லாருக்கும் இதைக் கண்ணை மூடிக்கிட்டு எழுதிடுறோம்.

கேக்குற பிள்ளை கொஞ்ச நாளா யார்கூடவும் பேசாம, சாப்பிடாம இருக்கா? அப்ப பட்டியலைத் தள்ளி வச்சுட்டு, "என்னாச்சு?"ன்னு கேளுங்க. "செத்துடலாம்னு தோணுதா?"ன்னு நேரா கேட்டா அந்த எண்ணம் புதுசா வந்துடாது. கேட்டதுனால மனசைத் திறந்து பேசுறவங்கதான் அதிகம். 14416 டெலி மானஸ், 104 தமிழ்நாடு அரசு உதவி எண். ரெண்டையும் போன்ல பதிஞ்சு வச்சுக்குங்க.

16/
சரி, நாலு கேள்வி கேட்டாச்சு. "நீங்க என்ன எழுதிக் குடுப்பீங்க டாக்டர்?" நம்ம டெல்டாக்காரங்களுக்கு என் சீட்டு இதோ.

விவசாயக் குடும்பத்துப் பிள்ளைக்கு, 14 வயசுக்கு மேல: 'சில்வர் ஸ்பூன்'. 22 பாகம்தான். எழுதினவர் ஹிரோமு அரகாவா, 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்' எழுதின அதே அம்மா. ஹொக்கைடோவில் பால் பண்ணைக் குடும்பத்தில் வளர்ந்தவங்க.

படிப்புச் சுமையில் நொந்துபோன நகரத்துப் பையன் ஒருத்தன் வீட்டை விட்டுத் தள்ளிப் போகணும்னே விவசாயப் பள்ளியில் சேர்றான். கூடப் படிக்கிறவனோட பண்ணை கடன்ல மூழ்குது. அதுக்கு ஜாமீன் நின்ன இன்னொரு குடும்பமும் சேர்ந்து ஆடிப்போகுது. பட்டுக்கோட்டையிலயும் மன்னார்குடியிலயும் இந்தக் கதையை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

17/
நெல்லு தெரிஞ்ச வீட்டுக்கு: 'சகுனா: ஆஃப் ரைஸ் அண்ட் ரூயின்'. 2020-ல் வீடியோ கேமா வந்து 2024-ல் அனிமே ஆனது. செல்லமா வளர்ந்த ஒரு அறுவடைத் தெய்வம் தண்டனையா ஒரு தீவுக்குப் போய், தானே சேத்துல இறங்கி நெல்லு விளைவிக்கணும். உழவு, நாத்து, நடவு, களை, தண்ணி கட்டுறது, அறுப்பு, காயப்போட்டு அடிக்கிறதுன்னு ஒண்ணு விடாம இருக்கும். கேம் வந்தப்ப நல்ல விளைச்சல் எடுக்க வழி தெரியாம, ஆடுனவங்க ஜப்பான் வேளாண் அமைச்சகத்தோட இணையதளத்தைத் திறந்து படிச்சாங்க. அது அந்த ஊர்ல செய்தியாவே வந்துச்சு.

ஜூன் 12 மேட்டூர் திறக்குமா, குறுவைக்குத் தண்ணி கடைமடைக்கு வருமான்னு பார்த்துட்டு இருக்கிற தாத்தாகூட இதை உக்காந்து பார்க்கலாம். "அவன் நாத்தை ரொம்ப ஆழமா ஊனுறான்"னு அவர் சொல்ற விமர்சனம், நம்ம எல்லாரோட விமர்சனத்தையும் விட உருப்படியா இருக்கும்.

18/
நர்சிங், பாராமெடிக்கல் படிக்கிற தங்கச்சிகளுக்கு: மேல சொன்ன 'செல்ஸ் அட் வொர்க்'. வெயில் தாக்குதலுக்குத் தனியா ஒரு பாகம் இருக்கு. முதல் சீசன் கடைசி ரெண்டு பாகம் ரத்தப்போக்கு அதிர்ச்சி. ரத்தம் ஏத்துனதும் புது சிவப்பணுக்கள் வேற ஊர்ப் பேச்சு பேசிக்கிட்டு உள்ள வரும். கும்பகோணத்துக்காரர் குடுத்த ரத்தம் பேராவூரணிக்காரர் உடம்புல ஓடுற மாதிரி. ரத்த தானத்துக்கு இதைவிட நல்ல விளம்பரம் நான் பார்த்ததில்லை.

19/
என் சக டாக்டர்களுக்கு: 'மான்ஸ்டர்'. நவோகி உராசவா 1994 முதல் 2001 வரை எழுதின மாங்கா. அனிமே 74 பாகம். ஜெர்மனியில் ஒரு ஜப்பானிய மூளை அறுவை நிபுணர். தலையில் குண்டடிபட்ட சிறுவன் முதல்ல வர்றான். பின்னாடி மேயர் வர்றார். "பையனை விட்டுட்டு மேயரைப் பார்"னு மேலிடத்து உத்தரவு. அவர் பையனைத்தான் பார்க்கிறார். அதனால அவருக்கு என்னாகுது, பிழைச்ச பையன் என்னவா வளர்றான்ங்கிறதுதான் கதை. ஆரம்பத்துலேயே வர்ற விஷயம்தான், ஸ்பாய்லர் இல்ல. நைட் டூட்டியில் இருக்கிற எந்த அரசு டாக்டருக்கும் அந்த உத்தரவோட கனம் தெரியும்.

20/
மாங்கா வாசிக்கணும்னா: 'பிளாக் ஜாக்', 1973-ல் தொடங்கினது. லைசென்ஸ் இல்லாத அறுவை நிபுணர்தான் கதாநாயகன். (நிஜத்துல லைசென்ஸ் இல்லாதவர்கிட்ட போயிடாதீங்க, கதையோட நிக்கட்டும்.) எழுதின ஒசாமு தெசுகா மருத்துவம் படிச்சவர். 1961-ல் நாரா மருத்துவப் பல்கலைக்கழகத்தில் வாங்கின முனைவர் பட்டத்துக்கு அவர் ஆராய்ச்சி பண்ணினது எதைத் தெரியுமா? நெல் வயல்லயும் குட்டையிலயும் கிடக்கிற நத்தையோட விந்தணு உருவாகிற செல்களை, எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்ல. நம்ம வரப்போரம் கால்ல மிதிபடுமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி நத்தை. "டாக்டருக்கு எதுக்கு காமிக்ஸ்?"ன்னு கேக்குறவங்களுக்கு நான் குடுக்கிற பதில் இவர்தான்.

21/
வீட்டுப் பெரியவங்களுக்கு: 'ராமாயணா: தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா'. யுகோ சாகோவும் நம்ம நாட்டு ராம் மோகனும் சேர்ந்து உழைச்ச இந்திய–ஜப்பானியப் படம். 1990-களின் தொடக்கத்துல எடுத்தது, 2025 ஜனவரி 24-ல் தமிழ் டப்பிங்கோட மறுபடி தியேட்டருக்கு வந்தது. அனிமேன்னா என்னன்னு அம்மாகிட்ட விளக்கம் குடுக்கிறதை விட, தெரிஞ்ச கதையை அந்த வரைகலையில் காட்டிடுங்க. மீதியை அவங்களே கேப்பாங்க.

22/
மேல சொன்னதுல சில்வர் ஸ்பூன், மான்ஸ்டர் மாதிரி சிலதைப் பார்க்க இங்கிலீஷ் சப்டைட்டில்தான் துணை. அப்போ ரெண்டாவது கேள்வியில நான் போட்ட சத்தம் என்னாச்சுன்னு கேப்பீங்க. வழி இருக்கு. இங்கிலீஷ் வாசிக்கத் தெரிஞ்ச அண்ணனோ அக்காவோ பக்கத்துல உக்காந்து தமிழ்ல சொல்லிக்கிட்டே பாருங்க. பிள்ளை என்ன பார்க்குதுன்னும் தெரியும். கேக்குற கேள்விக்குப் பதிலும் சொல்லலாம். பரிந்துரையிலேயே பெரிய பரிந்துரை, "வா, சேர்ந்து பார்ப்போம்"தான்.

23/
கடைசியா, கருத்துச் சண்டை பத்தி ரெண்டு வார்த்தை.

ஒருத்தர் "எனக்கு ஒன் பீஸ் பிடிக்கல"ன்னா உங்க வீட்டு வாசல்ல குப்பை கொட்டலை. ஏன் பிடிக்கலைன்னு கேளுங்க. "ரொம்ப நீளம்"னு சொன்னா சின்னதா வேற சொல்லுங்க. மருந்து ஒத்துக்கலைன்னு திரும்பி வர்ற நோயாளியை நாங்க திட்டுறதில்லை, மருந்தை மாத்துறோம்.

ஸ்பாய்லர் சொல்லாதீங்க. சொல்லியே ஆகணும்னா முன்னாடி ஒரு வரி எச்சரிக்கை போடுங்க. "ஓவர்ரேட்டட்"னு ஒத்தை வார்த்தையை வீசிட்டு ஓடாதீங்க, காரணம் சொல்லுங்க. முக்கியமா, புதுசா வந்த 13 வயசுப் பிள்ளைகிட்ட "இதுகூடத் தெரியாதா?"ன்னு கேக்காதீங்க. தெரியாததுனாலதானே கேக்குது.

24/
சுருக்கம்:

▪️ அனிமே எல்லாமே குழந்தைக்கு இல்ல. பெற்றோர் முதல் பாகத்தையாவது கூட உக்காந்து பாருங்க.
▪️ வளர்ந்த பிள்ளை பார்த்தா கேலி பண்ணாதீங்க. என்ன கதைன்னு கேளுங்க.
▪️ தமிழ் டப்பிங்ல பார்க்கிறவரும் முழு ரசிகர்தான்.
▪️ தூக்கத்தை வெட்டி எந்தத் தொடரும் வேண்டாம்.
▪️ யாராவது சிபாரிசு கேட்டா முதல்ல வயசு, மொழி, நேரம், மனசு. அப்புறம்தான் பேர்.

கீழே கேளுங்க. கேக்குறப்ப அந்த நாலையும் சேர்த்து எழுதுங்க. எனக்குத் தெரிஞ்சதை டூட்டி முடிஞ்சு வந்து சொல்றேன். தெரியாததை இங்க இருக்கிற மத்தவங்க சொல்லட்டும். பட்டியலா கொட்டாம, ஆளைப் பார்த்து ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க.


அரசு மருத்துவர், தஞ்சாவூர்